சாதாவா, பவரா, நூறா? பங்கில் விற்கும் மூன்று பெட்ரோலும் அவற்றுக்கான காசும்

“பவர் போடட்டுமா சார்?” டேங்க் மூடியைத் திறப்பதற்குள் பங்கில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பவர் என்றால் கூடுதல் விலைக்கு விற்கும் பிரீமியம் பெட்ரோல். யோசிக்க நேரமில்லை, பின்னால் வண்டிகள் நிற்கின்றன. பலர் “சரி” என்று தலையாட்டிவிடுகிறார்கள். லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம் என்பது பில்லைப் பார்த்தால்தான் தெரியும். பில்லை வாங்குகிறவர்களும் குறைவு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓட்டுவது 100 முதல் 125 சிசி வரையிலான பைக் அல்லது ஸ்கூட்டர் என்றால் “சாதாவே போடுங்க” என்பதுதான் சரியான பதில். டர்போ கார், அழுத்த விகிதம் கூடிய பெரிய பைக் என்றால் சோதித்துப் பார்த்து முடிவு செய்யலாம். நூறு ஆக்டேன் பெட்ரோல் மிகச் சிலருக்கு மட்டுமே பயன்படும். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம். இங்கே சொல்லும் விலைகளும் வரிகளும் சென்னையின் 2025 நிலவரம். உங்கள் ஊர் போர்டில் எண் வேறாக இருந்தால் அதைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முறை மாறாது.

சாதா பெட்ரோல் லிட்டர் 100.80 ரூபாயை ஒட்டி விற்கிறது. அதில் எது யாருக்குப் போகிறது என்று தெரிந்தால்தான் கூடுதல் எட்டு ரூபாயின் அர்த்தமும் புரியும். மத்திய அரசின் கலால் வரி லிட்டருக்கு 21.90 ரூபாய். இது சதவீதம் கிடையாது, நிலையான தொகை. கச்சா எண்ணெய் ஏறினாலும் இறங்கினாலும் அரசு அறிவிக்காத வரை அப்படியே நிற்கும். அதன் மேல் தமிழ்நாட்டு வாட் வரி: 13 சதவீதம், கூடவே லிட்டருக்கு 11.52 ரூபாய். இந்தச் சதவீதம் கலால் வரியையும் டீலர் கமிஷனையும் சேர்த்த தொகையின் மேல் விழுகிறது, அதாவது வரிக்கு மேல் வரி. கூட்டிப் பார்த்தால் மாநிலத்தின் பங்கும் 21.80 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. டீலர் கமிஷன் நாலரை ரூபாய்க்குள். மிச்சமுள்ள 52, 53 ரூபாய்தான் கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, எத்தனால், போக்குவரத்து, எண்ணெய் நிறுவனத்தின் லாபம் எல்லாம்.

கச்சா எண்ணெய் ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய் 70 டாலர், டாலர் 86 ரூபாய் என்று வைத்தால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெய்க்கு 38 ரூபாய் ஆகிறது. “கச்சா எண்ணெய் பத்து சதவீதம் இறங்கிவிட்டதே, பெட்ரோல் ஏன் பத்து ரூபாய் இறங்கவில்லை?” என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. முழுதாக நம் கைக்கு வந்தாலும் அந்த இறக்கம் லிட்டருக்கு 4 ரூபாயை ஒட்டித்தான் இருக்கும்.

அதுவும் முழுதாக வருவதில்லை. 2010 ஜூன் 26 முதல் பெட்ரோல் விலையை எண்ணெய் நிறுவனங்களே நிர்ணயிக்கலாம். 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்ற ஏற்பாடு. ஆனால் 2022 ஏப்ரல் 6க்குப் பிறகு தினசரி மாற்றம் நின்றுபோனது. அந்த மே மாதம் மத்திய அரசு கலால் வரியை 8 ரூபாய் குறைத்தபோது விலை இறங்கியது. அடுத்து 2024 மார்ச் 15இல் நிறுவனங்கள் 2 ரூபாய் குறைத்தன. நடுவில் கச்சா எண்ணெய் ஏறியபோது நிறுவனங்கள் நஷ்டத்தைத் தாங்கின, இறங்கியபோது அந்த நஷ்டத்தை ஈடுகட்டிக்கொண்டன. 2020இல் கொரோனா காலத்தில் கச்சா எண்ணெய் படுத்துக் கிடந்தபோது கலால் வரி மார்ச்சில் 3 ரூபாய், மே மாதம் 10 ரூபாய் என ஏற்றப்பட்டது. 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏறியது, பங்கில் விலை ஏறவில்லை. உலகச் சந்தையின் இறக்கத்தை நடுவிலேயே வரி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. நாட்டுக்கு வருமானம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் தினசரி விலை என்று பெயர் வைத்துவிட்டு இறக்கத்தை மட்டும் மக்களிடம் சேர்க்காமல் இருப்பது நியாயமில்லை.

“எத்தனால் இருபது சதவீதம் கலக்கிறார்களே, அது மலிவுதானே?” என்றும் கேட்கிறார்கள். மலிவில்லை. மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலின் கொள்முதல் விலை 2024-25இல் லிட்டர் 71.86 ரூபாய். போக்குவரத்து, ஜிஎஸ்டி சேர்த்து எல்லா வகை எத்தனாலின் சராசரி 2025 ஜூலை இறுதியில் 71.32 ரூபாய் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. மேலே பார்த்த 52, 53 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறக்குமதி குறையும், கரும்பு, சோள விவசாயிக்குப் பணம் போகும் என்பதெல்லாம் சரி. பங்கில் விலை குறைவதற்கு மட்டும் இதில் வழியில்லை.

இந்த நிலவரத்தில்தான் ‘பிரீமியம்’ வருகிறது. இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி95, ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தில் பவர்95, பாரத் பெட்ரோலியத்தில் ஸ்பீட். ஊருக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப சாதாவைவிட லிட்டருக்கு 7 முதல் 10 ரூபாய் வரை கூடுதல். 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெயர் சூட்டி விற்கும் பெட்ரோலுக்கு, மேலே சொன்ன கலால் வரியின் ஒரு சிறு பகுதியான அடிப்படைக் கலால் வரி 1.40க்குப் பதிலாக 2.60 ரூபாய், ஆக 1.20 ரூபாய் அங்கேயே போய்விட்டது. 8 ரூபாய்க்குள் அடங்கிய வாட் 92 பைசா. எரிபொருளின் தரத்துக்கென்று நீங்கள் கொடுப்பது 6 ரூபாய்க்கும் குறைவு. மீதியெல்லாம் வரி.

அந்த ஆறு ரூபாய்க்கு இரண்டு விஷயங்கள் கிடைக்கலாம்: கூடுதல் ஆக்டேன், கழுவும் ரசாயனம். போர்டில் எண் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் ஆக்டேன் உயர்ந்த பெட்ரோல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரசாயனம் மட்டும் சேர்த்ததாகவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தியைக் காட்டும் எண் கிடையாது. ஸ்பார்க் ப்ளக் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்கு முன்பு, அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் அது. தாங்காவிட்டால் இன்ஜினுக்குள் உலோகம் தட்டுவதுபோல் ‘டிக் டிக்’ என்று கேட்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். உங்கள் இன்ஜின் நாக்கிங் இல்லாமல் ஓடினால் ஆக்டேனை ஏற்றுவதால் மைலேஜ் ஒரு சொட்டும் கூடாது, பிக்கப்பும் கூடாது. 100 சிசி பைக்கில் பிஸ்டன் அழுத்தும் விகிதம் 10க்கு 1 என்ற அளவை ஒட்டியது. சாதா பெட்ரோலுக்காகவே டியூன் செய்யப்பட்டது. இக்னிஷன் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் நாக் சென்சார் பெரும்பாலான சிறு பைக்குகளில் கிடையாது. 95 ஊற்றினாலும் இன்ஜினுக்கு அது தெரியப்போவதில்லை.

சாதாவின் ஆக்டேனே இப்போது உயர்ந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த தர விதி. பிஎஸ்2 காலத்தில் 88, பிஎஸ்4இல் 91, இப்போதைய பிஎஸ்6 இ20 பெட்ரோலில், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில், 95 என்று அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108க்கு மேல் என்பதுதான் காரணம். ஆக, 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுப்பதற்கான காரணம் முன்பைவிட இப்போது பலவீனமாகிவிட்டது.

மைலேஜ் கணக்கைப் பார்ப்போம். சாதாவில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்குக்குக் கிலோமீட்டர் செலவு 2 ரூபாய் 2 பைசா. 108.80 ரூபாய்ப் பெட்ரோலில் அதே செலவு வர வேண்டுமென்றால் மைலேஜ் 54ஐத் தொட வேண்டும், அதாவது 8 சதவீதம் கூட வேண்டும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் கழுவும் ரசாயனத்தால் 8 சதவீதம் கூடாது. தினம் 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டுகிறவருக்கு 15 லிட்டர் ஆகும். மாதம் 120 ரூபாய், வருடம் 1,440 ரூபாய் கூடுதல் செலவு. அந்தக் காசில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக், இன்ஜின் ஆயில் மூன்றையும் மாற்றலாம். மூன்றுமே மைலேஜில் கண்கூடாகத் தெரியும்.

கழுவும் ரசாயனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுனியிலும், இன்ஜினுக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வின் முதுகிலும் படியும் கறுப்பைக் கரைப்பது அதன் வேலை. அந்த வேலையை அது செய்யவும் செய்யும். ஆனால் நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் பெட்ரோல் வால்வின் மேல் படுவதே இல்லை. அங்கே வால்வுக் கறையை எந்தப் பெட்ரோலாலும் கழுவ முடியாது, இன்ஜெக்டருக்கு மட்டும்தான் பயன். கார்புரேட்டர் வண்டியில் இன்ஜெக்டரே கிடையாது.

பிறகு யாருக்கு 95 பொருந்தும்? டேங்க் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பாருங்கள். ‘95 ரான் அல்லது அதற்கு மேல்’ (ரான் என்பது ஆக்டேன் எண்தான்) என்று போட்டிருந்தால் பேச்சே இல்லை, அதைத்தான் போட வேண்டும். 91 என்று போட்டிருக்கும் டர்போ காரில் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. சித்திரை வெயிலில் ஏசி போட்டு ஐந்து பேரோடு ஏற்காடு ஏறும்போது நாக் சென்சார் சத்தத்தைக் கேட்டு இக்னிஷனைத் தாமதப்படுத்தும். சக்தி குறையும், ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பீர்கள், பெட்ரோல் கூடுதலாகப் போகும். இங்கே ஆக்டேன் உயர்ந்த பெட்ரோல் உண்மையாகவே உதவும். அதே கார் சமவெளியில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வித்தியாசம் தெரியாது. மலைப்பயணத்துக்கு முன் ஒரு டேங்க் போடுவது சரி, வருடம் முழுக்கப் போடுவது வீண்.

சாதாவில் நாக்கிங் கேட்கிறது என்று 95க்குப் போகிறவர்கள் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். மூன்றாவது கியரில் மெதுவாக மேடு ஏறும்போது திராட்டிலை முழுக்கத் திருகினால் பல வண்டிகள் தட்டும். அது கியர் தவறு. பிஸ்டன் தலையில் கரி படிந்திருப்பது, கலவையில் காற்று கூடிப்போவது, வெப்ப எண் பொருந்தாத ஸ்பார்க் ப்ளக், அழுக்கடைந்த கூலிங் ஃபின் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இவற்றைச் சரிசெய்யாமல் ஆக்டேனை ஏற்றினால் சத்தம் மறையும், நோய் அப்படியே இருக்கும்.

இனி நூறு. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100ஐக் கொண்டுவந்தது. மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாராகும் பெட்ரோல் இது. பெரிய ஊர்களில் சில பங்குகளில்தான் கிடைக்கும். விலை 160 ரூபாயை ஒட்டியது. எத்தனால் கலக்காத பெட்ரோல் என்பதற்காகவே இ20 வந்த பிறகு இதைத் தேடிப் போகிறார்கள்.

எத்தனாலால் மைலேஜ் குறையும் என்பது உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே கணக்கு இருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம், அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம், இ10க்கு வடிவமைத்து இ20க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையும். ‘மைலேஜ் பாதியாகிவிட்டது’ என்ற பேச்சுக்கு எத்தனால் காரணமாக இருக்க முடியாது. அப்படிக் குறைந்திருந்தால் வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது, அதைத் தேடுங்கள். 7 சதவீத மைலேஜைத் திரும்பப் பெற 59 சதவீதம் கூடுதல் விலை கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஆனால் பழைய வண்டிக்காரர்களின் கவலை மைலேஜ் மட்டுமில்லை, ரப்பர். ஆர்எக்ஸ்100, பழைய ஸ்ப்ளெண்டர், மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் ஹோஸ், ஃப்ளோட் பவுல் ஓ-ரிங், பெட்ரோல் டேப்பின் வாஷர், ஃப்ளோட் நீடிலின் நுனி ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். அறிகுறி எளிது. காலையில் கார்புரேட்டருக்குக் கீழே ஈரம், பெட்ரோல் வாடை, ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டு. எத்தனாலுக்குக் கரைக்கும் குணமும் உண்டு. வருடக்கணக்காக டேங்க் அடியில் ஒட்டியிருந்த பிசினையும் துருவையும் கிளப்பிக்கொண்டு வந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான பைலட் ஜெட்டை அடைக்கும். வண்டி சோக் போட்டால் மட்டும் ஓடும், ஐடிலிங் நிற்காது.

இதற்கு 160 ரூபாய்ப் பெட்ரோல் தீர்வாகாது. எத்தனால் தாங்கும் ஹோஸ், அதேபோல் தாங்கும் விட்டான் ரப்பரில் செய்த ஓ-ரிங், புதிய ஃப்ளோட் நீடில், வெளியே மாட்டும் சின்ன ஃபில்டர் ஆகியவற்றை மாற்றுவதுதான் தீர்வு. ஒரு தடவை செய்தால் பல வருடம் ஓடும். கூடவே கலவையையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று தேவை, எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இ20க்கு இது 13.5ஐ ஒட்டி வரும். இன்ஜெக்டர் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரால் முடியாது. ஜெட் அளவு பழையபடியே இருந்தால் காற்று கூடிப்போய் இன்ஜின் சூடாகும். பத்து கிலோமீட்டர் சீராக ஓட்டி, இன்ஜினை அணைத்துச் சூடு ஆறியதும் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் சரி. வெள்ளையாக இருந்தால் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் போடச் சொல்லுங்கள். கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் கூடுதல், ஏர் ஃபில்டரைப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது, வெள்ளைப் ப்ளக்கோடு நெடுஞ்சாலையில் விரட்டினால் பிஸ்டன் இறுகிவிடும்.

நூறுக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. மாதக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தப்போகும் வண்டி. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் இறங்கிவிடும். வண்டி முதலில் குடிப்பது அடியில் உள்ளதைத்தான், அதனால் ஸ்டார்ட் ஆகாது. வெளிநாடு போகிறவர், வண்டியைச் சேகரித்து வைப்பவர் ஆகியோர் நிறுத்துவதற்கு முன் இதை நிரப்பி, கார்புரேட்டர் பவுலை வடித்துவிட்டால் துரு குறையும். மழைக்காலத்தில் சாதா போட்ட உடனே வண்டி இழுத்து இழுத்து நின்றால் இதே தண்ணீர்ப் பிரச்சினையாக இருக்கலாம். கார்புரேட்டர் பவுலின் அடி ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள், அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரியும். அப்படித் தெரிந்தால் டேங்கை முழுக்க வடிக்காமல் வேறு வழியில்லை. பில்லோடு பங்கில் போய்க் கேளுங்கள்.

எத்தனால் இல்லை என்று சொல்லிக் கொடுப்பதை வீட்டில் சோதிக்க முடியும். அளவுக்கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாயில் 20 மில்லி தண்ணீர், 80 மில்லி பெட்ரோல். மூடி, குலுக்கி, இடையிடையே மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியேற்றிவிட்டு, பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் அடுக்கு 20லேயே நின்றால் எத்தனால் இல்லை. இ20 என்றால் 16 மில்லி எத்தனாலை இழுத்துக்கொண்டு 36ஐ ஒட்டி ஏறும். திறந்த வெளியில், அடுப்பு, சிகரெட், சுவிட்ச் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். அந்தப் பெட்ரோலை வண்டியில் திரும்ப ஊற்றாதீர்கள்.

எந்தப் பெட்ரோல் உங்கள் வண்டிக்குச் சரி என்பதை மீட்டர் திரையில் ஓடும் மைலேஜ் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அது கணக்கிட்டுச் சொல்லும் மதிப்பீடு. டேங்க் டு டேங்க் முறைதான் நம்பகமானது. ஒரே பங்க், முடிந்தால் அதே நாசில், வண்டி சென்டர் ஸ்டாண்டில், நாசில் தானாக ‘டக்’ என்று நிற்கும் வரை மட்டும். ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி ஓட்டி, டேங்க் கால்வாசிக்கு வந்ததும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை அந்த இரண்டாவது நிரப்பலின் லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்கில் ஐந்து சதவீதம் வரை பிழை சாதாரணம். சாதாவில் மூன்று டேங்க், 95இல் மூன்று டேங்க் என்று அதே பாதையில் ஓட்டிச் சராசரி எடுத்தால்தான் பேசலாம். ‘டக்’ ஆன பிறகு “ரவுண்டாப் போடுங்க” என்று கழுத்து வரை ஊற்றச் சொல்லாதீர்கள். பிஎஸ்6 வண்டிகளில் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் போய்விடும், பிறகு ஸ்டார்ட்டிங் தொல்லை.

காசு கொடுத்த அளவு வருகிறதா என்பது இன்னொரு பக்கம். ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய அனுமதி. அதைத் தாண்டிக் குறைந்தால் அளவைப் பதிவு செய்து சட்டமுறை எடையளவுத் துறைக்குப் புகார் கொடுக்கலாம். தூய்மைக்கு ஃபில்டர் பேப்பர் சோதனை இலவசம். நாசில் வாயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையே இல்லாமல் ஆவியாக வேண்டும். கறை நின்றால் மண்ணெண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது. அடர்த்தி 15 டிகிரியில் கனமீட்டருக்கு 720 முதல் 775 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அந்த வரம்பைவிட முக்கியம், லாரி இறக்கியபோது பதிவேட்டில் எழுதிய எண்ணோடு இப்போதைய எண் 3க்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்பது. ஹைட்ரோமீட்டரில் நேரடியாகத் தெரியும் எண் நம் வெயிலில் குறைவாகத்தான் இருக்கும், அட்டவணையில் 15 டிகிரிக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். இது தெரியாமல் சண்டை போடுகிறவர்கள் உண்டு, பாவம் ஊழியர்.

அதிகாலையில் போட்டால் பெட்ரோல் குளிர்ந்திருக்கும், அளவு கூடும் என்பதை நம்பி அலாரம் வைக்க வேண்டாம். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் விரியும். பங்கின் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே பெரிய வித்தியாசம் வராது. 50 ரூபாய்க்குப் போடும் பழக்கத்தைத்தான் விட வேண்டும். அரை லிட்டர் ஊற்றும்போது நாசிலை அவசரமாக உருவினால் சிந்திப்போகும் 10 மில்லியே 2 சதவீத நஷ்டம். பூஜ்யத்தைப் பாருங்கள், ஊற்றி முடித்துக் கைப்பிடியை விட்ட பிறகு சில நொடி நாசில் உள்ளேயே இருக்கட்டும்.

பெட்ரோலை மாற்றாமலே மிச்சம் பிடிக்கும் இடங்கள் பங்க் வாசலிலேயே இருக்கின்றன. முதலாவது காற்று. ஆக்டிவாவில் முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் ஒருவர் என்றால் 29, இருவர் என்றால் 36. மற்ற வண்டிகளுக்கு வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கும். காற்று குறைந்த டயரோடு ஓட்டினால் மைலேஜ் குறையும். டயர் சூடாவதற்கு முன், வாரம் ஒரு முறை பிடியுங்கள். காற்று பங்கில் இலவசமாகக் கொடுக்க வேண்டிய சேவை.

அடுத்தது பிரேக். சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் உரசி நின்றால் டிரம்மில் ஷூ பிடிக்கிறது. பிரேக் ராடின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் சரியாகும், பிரேக் பெடலில் ஆட்டம் அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயினை நடுவில் மேலும் கீழும் தள்ளினால் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும். இறுக்கமான செயின் பெட்ரோலையும் தின்னும், பேரிங்கையும் தின்னும். கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இல்லாவிட்டால் கிளட்ச் பாதி வழுக்கிக்கொண்டே ஓடும். இன்ஜின் கத்தும், வண்டி போகாது. பெரும்பாலான ‘மைலேஜ் குறைஞ்சிடுச்சு’ புகார்கள் காற்று, பிரேக், செயின், கிளட்ச் இந்த நான்கிலேயே தீர்ந்துவிடும். செலவும் ஏறக்குறைய இல்லை.

வேகத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, 100 சிசி பைக்குக்கு 45 முதல் 55 வரை. சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் அணைத்துவிடுங்கள். காரில் ஏசி போட்டு நிறுத்தி வைத்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும்.

கார்டு, ரிவார்டு பாயின்ட் எல்லாம் சின்னச் சேமிப்புதான். கிரெடிட் கார்டில் 1 சதவீதம் சர்சார்ஜும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடித்து, சர்சார்ஜை மட்டும் திருப்பித் தருவார்கள், அதுவும் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் போட்டால்தான். யுபிஐயில் இந்தத் தொல்லை இல்லை. பாயின்டுக்காகவே பிரீமியம் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், எட்டு ரூபாயை எந்தப் பாயின்டும் ஈடுகட்டாது.

புதுச்சேரி, காரைக்கால் எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அங்கே வாட் குறைவு என்பதால் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் மிச்சமாகும். பைக் டேங்க் 10 லிட்டர் நிரப்பினால் 40 முதல் 50 ரூபாய். போக வர 20 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டினால் 40 ரூபாய்ப் பெட்ரோல் எரிந்துவிடும். கோட்டக்குப்பத்திலோ நாகூரிலோ இருந்து வேலையாக எப்படியும் அந்தப் பக்கம் போகிறவர் போட்டுக்கொள்ளலாம். திண்டிவனத்திலிருந்து அதற்கென்றே போவது நஷ்டம். கேனில் வாங்கி வீட்டில் அடுக்கி வைக்கும் யோசனையை மறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் கேனில் ஊற்ற அனுமதியில்லை, தீ ஆபத்து வேறு.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: சிறு பைக், ஸ்கூட்டருக்குச் சாதாவுக்கு 5க்கு 4. ஒரு மதிப்பெண் குறைவது விலைக்காக. 95 வகைக்கு டர்போ கார்களில் 3, சிறு பைக்கில் 1. நூறுக்கு, நிறுத்தி வைக்கும் பழைய வண்டி என்றால் 3, தினசரி ஓட்டத்துக்கு எதுவுமில்லை. பங்கில் கேட்கும்போது “சாதா, ஐந்நூறுக்கு, பில் வேணும்” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். நாசில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒரு பார்வை பாருங்கள். பல பங்குகளில் சாதாவும் பிரீமியமும் ஒரே இயந்திரத்தில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன.